கண்ணெதிரே கொலையாளி: 'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ' எப்படி ஏமாற்றுகிறது

துப்பறியும் படம் எடுப்பவர்கள் கொலையாளியின் முகத்தைக் கடைசி ரீல் வரைக்கும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ 1975-இல் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கொலை நடந்து சில நிமிடங்களுக்குள்ளேயே கொலையாளியின் முகத்தைத் திரையில் காட்டிவிடுகிறார். முகமூடி கிடையாது. கதாநாயகன் அந்த முகத்தைக் கடந்துதான் போகிறான். நாமும் அவனோடு சேர்ந்து போகிறோம். அவன் கண்ணிலும் படுகிறது, நம் கண்ணிலும் படுகிறது. அப்புறம் இரண்டு மணி நேரம் அவனும் நாமும் கொலையாளி யார் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

அந்தப் படம் 'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ'. ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'டீப் ரெட்'. 1975 மார்ச் 7 அன்று இத்தாலியில் வெளியானது. முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. ஆகவே பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது. பார்த்தவர்களுக்கும், பார்க்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கும் மேலே தொடர்கிறேன்.

கதை சுருக்கமாக இதுதான். ஒரு தியேட்டரில் ஆழ்மன ஆற்றல் பற்றிய கருத்தரங்கு. மற்றவர் மனதைப் படிக்கக்கூடிய ஹெல்கா உல்மன் மேடையில் இருக்கிறாள். பார்வையாளர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நினைவுக்குள் தற்செயலாக நுழைந்துவிட்டு அலறுகிறாள்: இங்கே ஒரு கொலையாளி இருக்கிறார், மறுபடியும் கொல்லப்போகிறார். அன்றிரவே அவள் வீட்டில் கொத்துக்கத்தியால் வெட்டப்படுகிறாள். அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஆங்கிலேயப் பியானோ கலைஞன் மார்க்கஸ் டேலி, கீழே சதுக்கத்தில் தன் குடிகார நண்பன் கார்லோவோடு பேசிக்கொண்டிருக்கிறான். ஜன்னலில் அவள் முகம் மோதுவதைப் பார்க்கிறான். மேலே ஓடுகிறான். காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவனை உறுத்துகிறது: வீட்டுக்குள் ஓடும்போது தாழ்வாரத்தில் பார்த்த ஓர் ஓவியம் அப்புறம் அங்கே இல்லை.

அந்தத் தாழ்வாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், படத்தின் மொத்த வித்தையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் ஓவியங்கள். எல்லாம் வெளிறிய, சிதைந்த, வாய் பிளந்த முகங்கள். ஒன்றோடொன்று கலந்து பேய்க்கூட்டம் போல் நிற்கும் முகங்கள். மார்க்கஸ் பதற்றத்தோடு உள்ளே வருகிறான். கேமரா அவன் நடையோடு சேர்ந்து முன்னே நகர்கிறது. இடப்பக்கம் ஓரிடத்தில் சுவர் விலகி, உள்ளே ஒரு கண்ணாடி. எதிர்ச் சுவரில் உள்ள ஓவியம் அந்தக் கண்ணாடியில் தெரிகிறது. அந்த ஓவிய முகங்களுக்கு நடுவே ஓர் உயிருள்ள முகமும் தெரிகிறது. கொலை செய்துவிட்டு வெளியேற வழியில்லாமல் ஒதுங்கி நிற்பவரின் முகம். கேமரா நிற்பதில்லை, இசை துள்ளி எச்சரிப்பதில்லை. ஷாட் அதன் போக்கில் போய்விடுகிறது. மார்க்கஸ் ஜன்னலை அடைந்து கீழே பார்க்கும்போது மழைக்கோட்டு போட்ட ஓர் உருவம் சதுக்கத்தைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஆக, காணாமல் போனது ஓவியம் அல்ல. கண்ணாடியில் தெரிந்த ஆள் போய்விட்டார், அவ்வளவுதான். மார்க்கஸின் மூளை அந்த முகத்தைச் சுற்றியிருந்த முகங்களோடு சேர்த்து 'ஓவியம்' என்று கணக்கில் எழுதிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எவ்வளவு யோசித்தாலும் தேடுவது ஓர் ஓவியத்தைத்தான். கேள்வியே தப்பாக இருக்கும்போது பதில் எங்கிருந்து கிடைக்கும்? முதல் தடவை பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நேர்வதும் இதுவே. படம் முடிந்ததும் பின்னால் ஓட்டிப் பார்த்து, 'அட, இங்கேயே இருந்திருக்கிறதே' என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். இயக்குநர் ஏமாற்றினார் என்று யாரும் புகார் சொல்ல முடியாது. அவர் எதையும் மறைக்கவில்லை.

கார்லோ ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறான். நீ உண்மையைச் சொல்வதாக நினைக்கிறாய், ஆனால் சொல்வது உன் கண்ணுக்குப் பட்ட உண்மையை மட்டும்தான் என்கிற பொருளில் போதையில் உளறுகிறான். அவன் உளறலுக்குக் காரணம் இருக்கிறது என்பது பின்னால்தான் புரியும். கொலையாளி அவனுடைய தாய் மார்த்தா. பல வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நாளில், தன்னை மறுபடியும் மனநல மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்த கணவனை அவள் குத்திக் கொன்றதைச் சிறுவன் கார்லோ பார்த்திருக்கிறான். டைட்டில் ஓடும்போதே அதை வெட்டி நடுவில் இந்தக் காட்சி வந்துவிடுகிறது: குழந்தைப் பாட்டு, சுவரில் நிழல், ஓர் அலறல், தரையில் விழும் கத்தி, அதன் அருகே வந்து நிற்கும் சிறுவனின் கால்கள். அப்போது பிடித்த நிழலைத்தான் கார்லோ வாழ்நாள் முழுக்கக் குடித்துக் கரைக்கப் பார்க்கிறான்.

சரி, மார்க்கஸ் ஏன் அந்த முகத்தை ஓவியமாக எடுத்துக்கொண்டான்? ஓட்டமும் பதற்றமும் பாதிக் காரணம். மீதியைப் படம் வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். பலர் தேவையில்லாத நகைச்சுவை என்று தாண்டிப்போகும் காட்சிகளில் அது இருக்கிறது. பத்திரிகையாளர் ஜான்னா பிரெஸ்ஸி மார்க்கஸோடு சேர்ந்து துப்புத் துலக்க வருகிறாள். ஆண்களும் பெண்களும் சமம் என்கிறாள். மார்க்கஸ் சிரிக்கிறான். பெண்கள் மென்மையானவர்கள், பலவீனமானவர்கள் என்று அவன் கட்சி. உடனே கைமல்யுத்தம். அவள் ஜெயிக்கிறாள். இன்னொரு தடவை வைத்துப் பார்க்கிறான். மறுபடியும் அவளே. அவளுடைய குட்டி ஃபியட் 500 காரில் ஏறினால் பக்கத்து இருக்கை உடைந்து கீழே இறங்கிவிடும். கதாநாயகன் டாஷ்போர்டு உயரத்துக்குத் தலையை நீட்டிக்கொண்டு, ஓட்டுகிற பெண்ணை அண்ணாந்து பார்த்தபடி பயணம் செய்கிறான். பின்னால் எரிகிற மாளிகையிலிருந்து அவனை வெளியே இழுத்துக் காப்பாற்றுவதும் அவள்தான்.

இதெல்லாம் சிரிக்க வைப்பதற்கு மட்டும் வைத்தது அல்ல. கொத்துக்கத்தியைத் தூக்கி வெட்டுகிற கை ஓர் ஆணின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று மார்க்கஸின் மனதில் ஏற்கனவே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே கண்ணாடியில் ஒரு வயதான பெண்ணின் முகம் தெரிந்தால் அது கொலையாளியின் முகமாக இருக்க வாய்ப்பில்லை. வேறென்ன, படமாகத்தான் இருக்கும். கைமல்யுத்தத்தில் தோற்ற பிறகும் அவன் பாடம் கற்கவில்லை என்பதில்தான் மர்மமே நீள்கிறது.

மார்த்தாவை அவன் இடையில் நேரில் சந்திக்கவும் செய்கிறான். கார்லோவைத் தேடி வீட்டுக்குப் போகிறான். அலங்காரம் கலையாத ஒரு வயதான அம்மாள் கதவைத் திறக்கிறாள். அவனை இன்ஜினியர் என்றே நினைத்துக்கொண்டு பேசுகிறாள், அவன் பியானோ வாசிப்பவன் என்று சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தான் ஒரு காலத்தில் நடிகை என்கிறாள். சுவரில் அவளுடைய இளவயதுப் புகைப்படங்கள். தனிமையில் கொஞ்சம் கழன்றுபோன, பாவப்பட்ட அம்மாள் என்று மார்க்கஸ் புன்னகைத்துவிட்டுப் போகிறான். இங்கே அர்ஜெந்தோ செய்திருக்கும் நடிகர் தேர்வு இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம். மார்த்தாவாக நடித்த கிளாரா கலமாய் 1940-களில் இத்தாலியின் பெரிய நட்சத்திரம். சுவரில் தொங்குபவை அவருடைய உண்மையான பழைய புகைப்படங்கள். அவருக்கு அழியாப் பெயர் தந்த படம் லுகீனோ விஸ்கோந்தியின் 'ஒஸ்ஸெஸ்ஸியோனே' (1943). அதில் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொல்லும் மனைவியாக நடித்திருந்தார். முப்பது வருடங்களுக்கு முன்பே கணவனைத் தீர்த்துக்கட்டியதாக இத்தாலி முழுக்கத் தெரிந்த முகத்தைக் கொண்டுவந்து, அதன் படங்களையும் சுவரில் மாட்டிவைத்து, 'கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்' என்கிறார் இயக்குநர். திரையுலகிலிருந்து கிட்டத்தட்ட ஒதுங்கியிருந்த கலமாய்க்கு இதுவே கடைசிப் படமாகவும் ஆனது.

இன்னொரு துப்பும் பட்டவர்த்தனமாகக் கிடக்கிறது. கொலைகளுக்கு முன்னால் கேமரா கறுப்புப் பரப்பின் மேல் மிக மிக நெருக்கமாக ஊர்ந்து போகும். கோலிக்குண்டுகள், நூலால் பின்னிய பொம்மை, பிளாஸ்டிக் குழந்தை, கத்தி. கூடவே திரை முழுக்க ஒரு கண், அதன் விளிம்பில் மை தீட்டும் கை. கண்ணுக்கு மை தீட்டுகிறவர் யாராக இருக்கும்? கேட்டுப் பார்த்தால் பாதி மர்மம் உடைந்துவிடும். ஆனால் அடுத்த ஷாட்டிலேயே கறுப்புத் தோல் கையுறை போட்ட, முரட்டுத்தனமான கைகள் வருகின்றன. அந்தக் கைகள் அர்ஜெந்தோவின் சொந்தக் கைகள். தன் படங்களில் கொலையாளியின் கைகளுக்கு அவரே டூப் போடுவது வழக்கம். பெண் கொலையாளிக்கு ஆண் இயக்குநரின் கைகள். இது மட்டும் கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வகைப் படங்களுக்கு இத்தாலிக்கு வெளியே 'கியாலோ' (இத்தாலிய மொழியில் 'மஞ்சள்') என்று பெயர். மிலானின் மொந்ததோரி பதிப்பகம் 1929-இல் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களை வெளியிடத் தொடங்கியதிலிருந்து வந்த பெயர் அது. சினிமாவில் இதற்கு இலக்கணம் வகுத்தவர் மரியோ பாவா. 1963-இல் கொலை ஒன்றைப் பார்த்துவிட்டு யாரையும் நம்பவைக்க முடியாமல் திண்டாடும் பெண்ணின் கதையை எடுத்தார். அடுத்த வருடம் ஃபேஷன் நிறுவனத்து மாடல் பெண்களை ஒவ்வொருவராகக் கொல்லும் முகமில்லாத கொலையாளியைக் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் காட்டினார். தற்செயலான சாட்சி, கறுப்புக் கையுறை, அழகுபடுத்தப்பட்ட கொலை என்று கியாலோவின் சாமான்கள் எல்லாம் அப்போதே வந்துவிட்டன.

அர்ஜெந்தோ அந்தச் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு வீடு கட்டினார். 1940-இல் ரோமில் பிறந்தவர். அப்பா சல்வதோரே படத் தயாரிப்பாளர். அம்மா எல்தா லுக்ஸார்தோ புகைப்படக் கலைஞர். அம்மாவின் ஸ்டுடியோவில் நடிகைகளின் முகங்களுக்கு வெளிச்சம் அமைப்பதை வேடிக்கை பார்த்து வளர்ந்த பையன், 'பயேஸே செரா' பத்திரிகையில் சினிமா விமர்சகரானார். செர்ஜோ லியோனேயின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்துக்கு பெர்னார்தோ பெர்தொலூச்சியோடு சேர்ந்து கதை அமைத்தார். 1970-இல் வந்த அவரது முதல் படத்திலேயே இந்தக் கண்-மனம் விளையாட்டு தொடங்கிவிட்டது: ஒரு கலைக்கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் தாக்குதலைக் கதாநாயகன் பார்க்கிறான், தாக்குகிறவர் யார், தாக்கப்படுகிறவர் யார் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறான். அதே வகையில் 1971-இல் இன்னும் இரண்டு படங்கள். பிறகு அலுப்புத் தட்டி, 1848-இல் மிலானில் நடந்த எழுச்சியை வைத்து ஒரு வரலாற்று நகைச்சுவை எடுத்தார். ஓடவில்லை. திரும்பவும் கொலைக்கு வந்தார், இந்த முறை இயக்குநர் ஃபெல்லினியின் எழுத்தாளரான பெர்னார்தினோ ஸப்போனியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.

கதாநாயகனாக டேவிட் ஹெம்மிங்ஸைப் போட்டதும் சும்மா இல்லை. மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்' (1966) படத்தில், தான் எடுத்த புகைப்படத்தைப் பெரிதுபடுத்திப் பெரிதுபடுத்தி அதற்குள் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கும் கலைஞராக வந்தவர் அவர். அந்தப் படத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் உண்மை வெறும் புள்ளிகளாகக் கரைந்துவிடும். உண்மை என்று ஒன்று கிடைக்குமா என்பதே அங்கே கேள்வி. அர்ஜெந்தோவிடம் உண்மை கிடைக்கும். கிடைக்கும்போது அது பின்னால் வந்து நிற்கும், கையில் கொத்துக்கத்தியோடு. தத்துவத்தை விட்டுவிட்டு அதே நடிகரைத் திகில் படத்துக்குள் இழுத்துவந்ததை அந்தோனியோனிக்கு அடித்த குறும்புச் சலாமாகவும் பார்க்கலாம்.

கதை ரோமில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நாம் பார்க்கும் நகரம் பெரும்பாலும் துரின். ஜன்னலில் ஹெல்கா மோதும் இடம் துரினின் சி.எல்.என். சதுக்கம். முசோலினி காலத்தில் கட்டப்பட்ட, கல்லும் தூணுமான வெறிச்சிட்ட சதுக்கம். போ, தோரா என்ற இரண்டு நதிகளை ஆணாகவும் பெண்ணாகவும் வடித்த இரண்டு பெரிய நீரூற்றுச் சிலைகள். போரின்போது அங்கிருந்த ஹோட்டல் ஒன்றில்தான் ஜெர்மானிய ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகம் இயங்கியது. பிற்பாடு பாசிச எதிர்ப்பு இயக்கத்தின் விடுதலைக் குழுவின் (சி.எல்.என்.) பெயரையே சதுக்கத்துக்கு வைத்தார்கள். அந்தக் கல்வெளியின் ஓரத்தில் அர்ஜெந்தோ ஒரு மதுக்கடையை செட் போட்டார். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942-இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' ஓவியம் அப்படியே: பெரிய கண்ணாடிச் சுவர், உள்ளே மஞ்சள் வெளிச்சம், அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். உயிருள்ளவர்களை ஓவியம் போல உட்காரவைத்துக் காட்டிவிட்டு, சில நிமிடங்களில் ஓவியங்களுக்கு நடுவே உயிருள்ள ஒருவரை நிறுத்துகிறார். கொலைக்கு முன்பே நம் கண்ணுக்கு ஒத்திகை நடந்துவிடுகிறது.

துப்பு மார்க்கஸை அழைத்துப் போகும் பாழடைந்த மாளிகையும் துரினில்தான் இருக்கிறது. நகரத்துக்கு மேலே குன்றில், கட்டடக் கலைஞர் பியெத்ரோ ஃபெனோலியோ 1902-இல் வடிவமைத்த வில்லா ஸ்காட். வளைவு வளைவான பால்கனிகளும் பூவேலைக் கண்ணாடிகளுமாக இருக்கும் வீடு. படப்பிடிப்பு நடந்த காலத்தில் அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதி இருந்தது. வீட்டைக் காலி செய்ய, தயாரிப்பாளர்கள் தங்கள் செலவில் அத்தனை பேரையும் ரிமினி கடற்கரைக்கு விடுமுறைக்கு அனுப்பிவைத்தார்கள் என்பது இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கப்படும் கதை. மார்க்கஸ் அங்கே சுவரின் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறான். உள்ளே ஒரு குழந்தை வரைந்த படம்: கத்தியோடு ஒரு சிறு உருவம், ரத்தம் வழியும் ஒரு பெரிய உருவம். கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியில் அவன் நகர்ந்த பிறகு, இன்னொரு துண்டுச் சாந்து தானாக உதிர்ந்து விழுகிறது. அங்கே மூன்றாவதாக ஓர் உருவம். நாம் பார்க்கிறோம், அவன் பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் நம்மையும் சேர்த்து ஏமாற்றியவர், இங்கே நம்மை மட்டும் ஒரு படி மேலே ஏற்றிவிட்டு வேடிக்கை காட்டுகிறார்.

இனி ரத்தம். இந்தப் படத்தின் கொலைகள் ஏன் இவ்வளவு வலிக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. துப்பாக்கிக் குண்டு பட்டால் எப்படி இருக்கும் என்று பார்வையாளர்களில் அனேகமாக யாருக்கும் தெரியாது. கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டால் எப்படி எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேஜை முனையில் இடித்துக்கொண்டால் உயிர் போகும் வலி என்பதும் தெரியும். அர்ஜெந்தோவும் ஸப்போனியும் இந்தத் தெரிந்த வலிகளையே தேடித் தேடி எடுத்தார்கள். மாளிகையைப் பற்றிப் புத்தகம் எழுதிய அமாந்தா ரிகெத்தியின் முகம் குளியல் தொட்டியின் கொதிநீரில் அமுக்கப்படுகிறது. பேராசிரியர் ஜோர்தானியின் வாய் கணப்படுப்பின் விளிம்பிலும் மேஜையின் முனையிலும் திரும்பத் திரும்ப மோதப்படுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி அது. முன்பு மார்க்கஸ் ஒரு ஜோக் அடித்திருப்பான்: பியானோக் கட்டைகளை அடிக்கும்போது உண்மையில் அப்பாவின் பற்களைத்தான் உடைக்கிறேன் என்று என் மனநல மருத்துவர் சொல்லுவார் என்று. ஜோக்காக வந்தது பின்னால் நிஜமாகத் திரும்பி வருகிறது.

அமாந்தா இறக்கும் தறுவாயில் நீராவி படிந்த சுவர் ஓட்டில் விரலால் ஏதோ எழுதுகிறாள். ஆவி காய்ந்ததும் எழுத்து மறைந்துவிடுகிறது. ஜோர்தானி அந்தக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டதும் எழுத்து மறுபடி எழும்புகிறது. எல்லாமே அங்கேயேதான் இருக்கிறது, பார்க்கத்தான் நேரம் வர வேண்டும் என்கிற படத்தின் போக்கு இதிலும் மாறவில்லை. ஜோர்தானியின் சாவுக்குச் சற்று முன் கதவைத் திறந்துகொண்டு அவரை நோக்கி வேகமாக நடந்து வரும் இயந்திர பொம்மையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கதைப்படி அது எப்படி அங்கே வந்தது, யார் சாவி கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. தந்திரக் காட்சிகளைக் கவனித்தவர் கார்லோ ரம்பால்தி. ஸ்பீல்பெர்க்கின் வேற்றுக்கிரகக் குட்டி ஈ.டி.யை உருவாக்கியவரும் பின்னாளில் இவரே. தர்க்கம் கழன்று விழும் அந்த ஒரு நிமிடத்தில் படம் துப்பறியும் கதையிலிருந்து திகில் கதைக்குள் கால் வைத்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து வந்த 'சஸ்பீரியா'வில் அர்ஜெந்தோ துப்பறிவதையே விட்டுவிட்டுச் சூனியக்காரிகளிடம் போய்விட்டார்.

இசைக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் ஜாஸ் பியானோ கலைஞர் ஜோர்ஜோ காஸ்லினி. கொலைகளுக்கு முன் ஒலிக்கும் அந்தக் குழந்தைப் பாட்டு அவருடையது. இயக்குநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த இடத்துக்கு வந்தது பெயர் பெறாத ஓர் இளைஞர் ராக் குழு. கிளாவ்தியோ சிமோனெத்தி கீபோர்டில், மாஸ்ஸிமோ மொராந்தே கிடாரில், ஃபாபியோ பின்யதெல்லி பேஸில். குழுவுக்கு காப்ளின் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பயமுறுத்தும் படம் என்றால் வயலின் கீச்சிட வேண்டும் என்கிற வழக்கத்தை உடைத்து, சீரற்ற தாளத்தில் சுழலும் கிடாரும் தேவாலய ஆர்கனும் இடிக்கும் பேஸுமாக ஒன்றைக் கொடுத்தார்கள். படத்தில் இசை சத்தமாக, எந்தக் கூச்சமும் இல்லாமல் வரும். திடீரென்று அறுந்து நிற்கும். அந்த நிசப்தம்தான் ஆபத்து. இசைத்தட்டு இத்தாலிய விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. படத்தைப் பார்க்காத பல இத்தாலியர்களுக்கும் அந்த மெட்டு தெரியும்.

படம் தயாரான 1974-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வருடம் மே மாதம் விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்து, கத்தோலிக்க இத்தாலி கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் பிரெஷியா நகரச் சதுக்கத்தில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் 'இத்தாலிகுஸ்' ரயிலில் வெடித்த குண்டு 12 பேரைப் பலி வாங்கியது. 1969-இல் மிலான் வங்கியில் 17 பேர் இறந்த குண்டுவெடிப்பில் உண்மைக் குற்றவாளி யார் என்ற வழக்கும் இழுத்துக்கொண்டே போனது. சாட்சிகள் இருந்தும் உண்மை பிடிபடாத நாடு, வீட்டுக்குள் ஆண் பெண் உறவு தலைகீழாக மாறிக்கொண்டிருந்த நாடு. அர்ஜெந்தோ அரசியல் படம் எடுக்கவில்லை. ஆனால் ஜான்னாவின் கைமல்யுத்தத்தையும் மார்க்கஸின் கண்ணாடியையும் அந்த வருடத்துப் பார்வையாளர்கள் வெறும் விளையாட்டாக எடுத்திருக்க மாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளிநாடுகளுக்குப் போன பிரதியில் வெட்டப்பட்டதில் பெரும்பகுதி ஜான்னா வரும் காட்சிகள். 127 நிமிடப் படம் சுமார் 105 நிமிடமாகச் சுருங்கியது. கொலைகள் பெரும்பாலும் தப்பித்தன. சண்டையும் சிரிப்பும் காதலும் போயின. மர்மம் விறுவிறுப்பாகிவிட்டது என்று விநியோகஸ்தர்கள் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. பெண்களைப் பற்றிய மார்க்கஸின் அலட்சியம் காட்சியாக இல்லாமல் போனதும், கிளைமாக்ஸில் மார்த்தா வந்து நிற்பது வெறும் அதிர்ச்சித் திருப்பமாகச் சுருங்கிவிட்டது. 1976-இல் அமெரிக்காவில் பார்த்த விமர்சகர்களுக்குக் கிடைத்தது இந்த மெலிந்த பிரதிதான்.

படத்துக்குக் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனநோய் என்றால் கொலை என்று அது போடும் சமன்பாடு அன்றைக்கே மலிவானது, இன்று இன்னும் உறுத்துகிறது. கார்லோ ஆண்களைக் காதலிப்பவன். அதைப் படம் கேலி செய்யவில்லை, மார்க்கஸும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975-க்கு அது பெரிய விஷயம். ஆனாலும் அவன் மேல் சந்தேகம் விழ வைக்க அந்த ரகசியத்தைப் பயன்படுத்தவும் படம் தயங்கவில்லை. அவனுக்குக் கிடைக்கும் சாவோ, குப்பை லாரியில் மாட்டித் தெருவெல்லாம் இழுபட்டு, கடைசியில் கார்ச் சக்கரத்தில் தலை நசுங்கி. அவன் செய்த குற்றமெல்லாம் அம்மாவைக் காப்பாற்றப் பார்த்ததால் வந்ததுதான். மார்த்தாவின் சாவு அதைவிடக் கொடூரம் என்றாலும் (கழுத்துச் சங்கிலி லிஃப்டில் சிக்கிக்கொள்கிறது), எனக்கு மனதில் தங்குவது கார்லோதான். காப்ரியேலே லாவியா அந்த வேடத்தில் அவ்வளவு உடைந்துபோயிருக்கிறார்.

'டீப் ரெட்'டுக்குப் பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. ஜான் கார்பென்டர், ஜேம்ஸ் வான் போன்ற இயக்குநர்கள் அர்ஜெந்தோவின் தாக்கத்தை வெளிப்படையாகச் சொன்னவர்கள். ஜப்பானில் நடந்தது தனிக் கூத்து. 'சஸ்பீரியா' அங்கே சக்கைப்போடு போட்டதால், அதற்கு முன்பே வந்த இந்தப் படத்தை 'சஸ்பீரியா பாகம் 2' என்று பெயரிட்டு ஓட்டிவிட்டார்கள். ரோமில் அர்ஜெந்தோ தொடங்கிய, படத்தின் பெயரையே தாங்கிய திகில் பொருள் கடை ஒன்றும் உண்டு. அவருடைய நண்பரும் இயக்குநருமான லூயிஜி கோட்ஸி அதைப் பார்த்துக்கொள்கிறார்.

பார்ப்பதென்றால் முழு நீளப் பிரதியையே தேடுங்கள், இத்தாலிய ஒலியோடு. ஆங்கில ஒலியைத் தேர்ந்தெடுத்தால் நடுநடுவே பாத்திரங்கள் திடீரென்று இத்தாலிய மொழிக்குத் தாவுவார்கள். உங்கள் டிவியில் கோளாறு இல்லை. வெளிநாட்டுப் பிரதிக்காக வெட்டிப்போட்ட காட்சிகளுக்கு ஆங்கில டப்பிங் இல்லாததால், பிற்பாடு ஒட்டும்போது அந்த இடங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்று கவனித்தாலே எதையெல்லாம் வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும். ஜான்னா வாயைத் திறந்தால் பெரும்பாலும் இத்தாலியன்தான்.